மார்கழி 'சீசன்' என்றால் என்ன? சென்னையில் டிசம்பரில் ஏன் இத்தனை கச்சேரிகள்?

டிசம்பரை ஒட்டி சென்னையின் சபாக்கள் (கலை நிகழ்ச்சிகளுக்கான சங்கங்கள்) நடத்தும் கர்நாடக இசை, நாட்டிய நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் 'சீசன்' என்கிறோம். இது ஒரே அமைப்பு நடத்தும் விழா அல்ல. ஆடித் தள்ளுபடி மாதிரி: கடைகள் வேறு வேறு, காலம் ஒன்று.

ஏன் டிசம்பர்? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தீர்மானத்தால் 1928-இல் மியூசிக் அகாடமி என்ற சபா பிறந்தது. அது தன் விழாவை டிசம்பரில் நடத்த, பிறகு மற்ற சபாக்களும் இதே மாதத்தைப் பிடித்துக்கொண்டன. மார்கழி என்பதால் கல்யாணங்கள் இல்லை. மழையும் பெரும்பாலும் ஓய்ந்து, நடந்தே சபாவுக்குப் போகும்படி இதமாக இருக்கும்.

முதல்முறை போகிறவர்கள் மதியக் கச்சேரியில் தொடங்குங்கள் என்பேன். வளரும் கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடும் நேரம் அது. தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி, கடைசியில் சேர்ந்து வாசித்துப் பாட்டின் எடுப்பில் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்) வந்து இறங்கும் அந்த நொடியைப் பதிவில் கேட்பது வேறு, அரங்கில் உட்கார்ந்து கேட்பது வேறு. அப்புறம், சபா கேன்டீனில் ஒரு காபி.

ராகம் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை, டிக்கெட் விலையும் கட்டுப்படியாகாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம், ராகத்தின் பெயர் தெரியாமலே தலையாட்டுபவர்களும் அரங்கில் நிறையப் பேர்.