“ஒட்டு வேலை தெரிகிறது” என்றால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்

கேள்வி: கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். பல புகைப்படங்களை போட்டோஷாப்பில் இணைத்துக் கற்பனை உலகக் காட்சிகளை உருவாக்குவதில் எனக்கு மிகுந்த விருப்பம். அண்மையில், நிலவொளியில் மலை விளிம்பில் ஒரு சிறுமி அரிக்கேன் விளக்குடன் நிற்க, அவளுக்கு மேலே வானத்தில் ஒரு திமிங்கிலம் மிதந்து செல்வதுபோல ஒரு படம் செய்தேன். தோழிகள் எல்லாரும் “சூப்பர்” என்றார்கள். துறையில் மூத்தவரான ஒருவர் மட்டும் “ஒட்டு வேலை அப்படியே தெரிகிறது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் படத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. இதற்கிடையே, ஜூனியர் மாணவன் ஒருவன் தன் படத்தைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்கிறான். அவன் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? என் படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் படத்தைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக நெடுநேரம் பார்த்தேன். அந்த மூத்தவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன விதத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. தோழிகளின் “சூப்பர்” என்ற சொல்லுக்கும் அதே குறைதான். இரண்டுமே படத்தின் எந்த இடத்தையும் சுட்டிக்காட்டவில்லை. இடத்தைச் சொல்லி, அது ஏன் உறுத்துகிறது என்பதையும் சொன்னால்தான், கேட்பவர் தம் கண்ணாலேயே அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். சரிபார்க்க முடியாத பாராட்டும் கண்டனமும் மனநிலையை மாற்றுமே தவிர, படத்தை மாற்றுவதில்லை.

ஆகவே இடங்களைச் சொல்கிறேன். நிலவு சிறுமிக்குப் பின்னால், இடப்பக்கம் இருக்கிறது. ஆனால் அவளுடைய வலது கன்னம்தான் வெளிச்சமாக இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்த படம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. கையில் விளக்கு எரிகிறது, ஆனால் அதன் மஞ்சள் ஒளி அவளுடைய முகவாயின் அடியிலோ, சட்டைக் கையின் உட்புறத்திலோ, காலடிப் புல்லிலோ ஒரு துளிகூட விழவில்லை. பாதம் தரையைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டிய அந்தச் சிறிய கறுத்த நிழலும் இல்லாததால், அவள் நிற்காமல் மிதப்பதுபோலத் தோன்றுகிறது. தலைமுடியைச் சுற்றி வெள்ளைப் பின்னணியின் மிச்சம் மெல்லிய கோடாக ஓடுகிறது. இது மாஸ்க்கின் (படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கும் திரையின்) விளிம்பைச் சற்று உள்ளே தள்ளி, சில முடியிழைகளை பிரஷ்ஷால் வரைந்துவிட்டால் தீர்ந்துவிடும் சிறிய வேலை.

பெரிய வேலை திமிங்கிலத்தில் இருக்கிறது. தொலைவில் உள்ள பொருள்களுக்கும் நமக்கும் இடையே காற்றும் பனியும் இருப்பதால், அவற்றின் கருமை வெளிறிப் பின்னணி வானத்தின் நிறத்தை நோக்கி நகரும். உங்கள் படத்தில் தூரத்து மலைகள் அப்படித்தான் நீலச் சாம்பலாக இருக்கின்றன. அவற்றுக்கும் அப்பால் இருப்பதாக நீங்கள் நினைக்கும் திமிங்கிலமோ, சிறுமியின் கூந்தலைவிட அடர்ந்த கறுப்பாக இருப்பதால், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் போல முன்னால் வந்து நிற்கிறது. திமிங்கிலத்தின் லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாளுக்கு) மட்டும் கர்வ்ஸ் என்ற ஒளி-இருள் திருத்தும் கருவியை இட்டு, கறுப்பு முனையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். மலைகளின் கருமையோடு அது ஒத்துவரும்போது உடனே பின்னுக்குப் போகும். எல்லா லேயர்களுக்கும் மேலே படத்தைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்துப் பார்த்தால், நிறத்தின் கவர்ச்சி விலகி, இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

திமிங்கிலம் வானில் பறக்குமா என்று நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கற்பனைப் படத்தில் நடக்க முடியாதது நடப்பது குறையே அல்ல. அதற்காகத்தானே அதைப் படைக்கிறோம். அந்த நடக்க முடியாததைப் பார்ப்பவர் நம்ப வேண்டுமானால், ஒளியும் தொலைவும் உண்மையாக இருக்க வேண்டும். விமர்சனம் சோதிக்க வேண்டியது அந்த உண்மையைத்தான். உங்கள் கற்பனை எனக்குப் பிடித்திருக்கிறது. குறிப்பாக, அந்தச் சிறுமி திமிங்கிலத்தை அண்ணாந்து பார்க்காமல், தினமும் காண்பதுபோல இயல்பாக நிற்பது மிக நல்ல முடிவு. யார் சொன்னாலும் அதை மாற்றாதீர்கள்.

இந்தக் கலை கணினியோடு பிறந்ததன்று. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே காட்சியை உருவாக்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் என்ற இன்னொரு புகைப்படக் கலைஞர் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, நோயில் வாடும் ஓர் இளம்பெண்ணின் காட்சியைச் செய்தார். ரெய்லாண்டரின் படத்தில் இருந்த ஆடையற்ற உருவங்களையும், ராபின்சனின் படத்தில் இருந்த சாவின் நிழலையும் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனங்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றியவை, எப்படிச் செய்தார்கள் என்பதைப் பற்றியவை அல்ல. உங்களிடம் வரும் கருத்துகளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். “திமிங்கிலத்துக்குப் பதில் டிராகன் வைத்திருக்கலாம்” என்பவர் தம் மனத்திலுள்ள வேறொரு படத்தைப் பற்றிப் பேசுகிறார். அதை நன்றியோடு கேட்டுவிட்டு விட்டுவிடலாம். ரெய்லாண்டர், ராபின்சன் காலத்தில் ஓரிடத்தைத் திருத்த வேண்டுமென்றால் இருட்டறையில் அச்சை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. 1994-இல் போட்டோஷாப்பில் லேயர் வந்தபிறகு, நான் மேலே சொன்னவற்றைப் பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்த்துவிடலாம், பிடிக்காவிட்டால் அணைத்தும் வைக்கலாம்.

கருத்துக் கேட்கும்போது, படத்தை நீங்களே விளக்காமல் முதலில் பேசாமல் காட்டுங்கள். பிறகு, “உங்கள் கண் முதலில் எங்கே போனது? எங்கே உறுத்தியது?” என்று கேளுங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைத் தொட்டால், அவர்கள் சொல்லும் தீர்வுகள் வெவ்வேறாக இருந்தாலும், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. விளக்கின் ஒளியைச் சரிசெய்தபின் அந்த மூத்தவரிடமே மீண்டும் போய், திமிங்கிலத்தை மட்டும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலானோர் குறிப்பாகவே பதில் சொல்வார்கள்.

இனி உங்கள் ஜூனியர் தம்பி. அவன் எதைக் காட்ட நினைத்தான் என்பதை முதலில் கேட்டறியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த நோக்கத்தை வைத்தே அளக்க வேண்டும். சரியாக வந்திருப்பதையும் இடம் சுட்டியே பாராட்டுங்கள், அடுத்த படத்தில் அதைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு உதவும். எல்லாக் குறைகளையும் ஒரே மூச்சில் அடுக்க வேண்டாம். தொடுவானமும் கேமராவின் உயரமும் ஒத்துப்போகாத படத்தில் முடியின் விளிம்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆகவே பெரிதான ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுடைய கோப்பை வாங்கி நீங்களே திருத்திக் கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும், அவன் கற்க வேண்டியதை நீங்கள் பறித்துக்கொள்வதாகவே முடியும். அவன் சம்மதித்தால், தனி லேயரில் ஒளி வரும் திசையை ஓர் அம்புக்குறியாக வரைந்து காட்டுங்கள், போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் மென்மை காட்ட வேண்டியதில்லை. படங்களை எங்கிருந்து எடுத்தான், அவற்றைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அனுமதி இல்லையென்றால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படத்தை வெளியே காட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதை மற்றவர்கள் முன்னிலையில் அல்லாமல், தனியே அழைத்துச் சொல்லுங்கள்.