விமானத்தில் கேபின் க்ரூ சொல்வதைக் கேட்டே ஆக வேண்டுமா? மறுத்தால் என்ன ஆகும்?

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறோம், பிறகு ஏன் கேபின் க்ரூ அதட்டினால் அடங்கிப் போக வேண்டும்? அவர்களுக்குச் சட்டப்படி என்ன அதிகாரம் இருக்கிறது? அநியாயமாக இறக்கிவிட்டால் யாரிடம் போவது?" இதுதான் உங்கள் கேள்வி. இந்தியாவில் உள்ள நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதைச் சொன்னாலும் அந்த நொடியிலேயே செய்துவிட வேண்டும். அது வேண்டுகோள் இல்லை, சட்டம். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 22ஆவது விதி இரண்டு விஷயங்களைத் தடை செய்கிறது. ஒன்று, பணியாளரைக் கையாலோ வாயாலோ தாக்குவது, மிரட்டுவது. மற்றொன்று, பாதுகாப்புக்காக கேப்டனோ அவர் சார்பில் பணியாளரோ முறைப்படி சொன்னதைச் செய்ய மறுப்பது. சத்தம் போடாமல், கை ஓங்காமல், "முடியாது" என்று உட்கார்ந்திருந்தாலே இரண்டாவதில் வந்துவிடும். பலருக்கு இது தெரியாது.

சர்வதேச அளவில் 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த இந்தியா 1975இல் தனிச் சட்டமே இயற்றியது. ஒருவர் விமானத்துக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து விளைவிக்கிறார், அல்லது விளைவிக்கப் போகிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கேப்டன் அவரைக் கட்டிவைக்கவும், வழியில் இறக்கிவிடவும், குற்றம் கடுமையானதென்றால் போலீசிடம் ஒப்படைக்கவும் இந்த உடன்படிக்கை இடம் தருகிறது. கடைசிப் பயணி ஏறி வெளிக் கதவுகள் எல்லாம் மூடியதிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கும் வரை இந்த அதிகாரம் உண்டு. பணியாளர்களுக்கு கேப்டன் உத்தரவே போடலாம். பயணிகளிடம் உதவி கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. பக்கத்து சீட்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பெரும்பாலான தகராறுகள் அற்பமாகத் தெரியும் விஷயத்தில்தான் ஆரம்பிக்கின்றன: சீட்டை நேராக்குங்கள், ஜன்னல் திரையைத் தூக்குங்கள், பையைக் காலடியில் தள்ளுங்கள். விபத்து என்று வந்தால், பாதி அவசர வழிகள் அடைபட்டிருந்தாலும் விமானம் முழுவதையும் 90 விநாடியில் காலி செய்ய முடிய வேண்டும். அதைக் காட்டினால்தான் அந்த மாடலுக்கே சான்றிதழ். சாய்ந்த சீட் பின்வரிசைக்காரர் எழுந்து வெளியேறும் இடத்தை அடைக்கும், அவர் குனிந்து தலையைக் காத்துக்கொள்ளவும் இடம் விடாது. திரை மூடியிருந்தால் எந்தப் பக்கம் தீ எரிகிறது என்று பார்க்காமலேயே கதவைத் திறந்துவிடுவார்கள். இரவில் விளக்கை மங்கலாக்குவது, வெளியே ஓட வேண்டி வந்தால் கண் ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. எட்டு வழிகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஆனாலும் 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பைகளை விட்டுவிடுங்கள் என்று பணியாளர்கள் கத்தினார்கள், பயணிகள் விட்டுவிட்டு இறங்கினார்கள். அன்று தலைக்கு மேலே உள்ள பை வைக்கும் பெட்டியைத் திறந்து ஆளாளுக்குப் பையை இழுத்துக்கொண்டு நின்றிருந்தால் கதை வேறு.

"கேப்டனைக் கூப்பிடுங்கள், அவரிடமே பேசிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. பறக்கும்போது காக்பிட் கதவு பூட்டியே இருக்கும். 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சே காக்பிட்டில் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்டர்போனில் லீட் கேபின் க்ரூ சொல்வதை வைத்துத்தான் கேப்டனுக்குத் தெரியும். கேபின் தயார் என்று அவர் சொல்லாமல் விமானம் மேலெழும்பாது. நீங்கள் ஒருவர் சீட்டை நேராக்க மறுத்தால், ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கும் விமானம் வரிசையை விட்டு விலக வேண்டும். தேவைப்பட்டால் விமானம் நிறுத்தும் இடமான பே வரைக்கும் திரும்பி வர வேண்டும். உங்களை இறக்கினால் உங்கள் செக்-இன் பெட்டியும் இறங்கியாக வேண்டும். சரக்கு அறையைத் திறந்து, ஒவ்வொன்றாக டேக் பார்த்து, அந்த ஒரு பெட்டியைத் தேடி எடுப்பார்கள். அதற்குள் பணியாளர்களின் பணிநேர வரம்பு முடிந்துபோனால் புது ஆட்கள் வர வேண்டும். 2024 ஜனவரியில் டெல்லியில் தாமத அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி அடித்தாரே, அந்த விமானி அப்படி மாற்றாக வந்தவர்தான். தாமதத்துக்குக் காரணம் அவரே இல்லை.

பணியாளர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். 50 சீட்டுக்கு ஒருவர் என்பதுதான் குறைந்தபட்ச விதி. 186 சீட் உள்ள ஏர்பஸ் 320இல் நான்கு பேர். ஒருவரோடு இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் மீதி விமானத்துக்கு இரண்டே பேர். அதனால்தான் ஆரம்பத்திலேயே குரல் கறாராகிறது.

மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரிசை உண்டு. முதலில் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும். பிறகு வாய்மொழி எச்சரிக்கை, அதற்கும் அடங்காவிட்டால் எழுத்து மூலமான நோட்டீஸ். எல்லாம் தீர்ந்த பிறகே பிளாஸ்டிக் கைக்கட்டு போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறது இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ. தரையிறங்கியதும் நிறுவனத்தின் ஆள் பாதுகாப்புப் படையிடமோ போலீசிடமோ எஃப்ஐஆர் பதியச் சொல்வார். நோட்டீஸ் கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட வாதாடாதீர்கள். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்களுக்கே உதவும் ஆவணம் அது.

பறக்கத் தடை பற்றிய விதி 2017 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஒரு மக்களவை உறுப்பினர் ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்த விவகாரம்தான் அதற்குத் தூண்டுதல். குற்றங்களுக்கு மூன்று நிலைகள். வாய்ச்சண்டை, அசிங்கமான சைகை, போதையில் ரகளை ஆகியவை முதல் நிலை, 3 மாதம் வரை தடை. தள்ளுவது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது என்றால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான தாக்குதல், விமானக் கருவிகளைச் சேதப்படுத்துவது, காக்பிட்டுக்குள் நுழைய முயல்வது ஆகியவற்றுக்குக் குறைந்தது 2 ஆண்டு, மேல் வரம்பே கிடையாது. மறுபடி செய்தால் முந்தைய தடையைப் போல இரு மடங்கு.

அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்பதில்தான் பயணிகள் ஏமாந்துபோகிறார்கள். விமான நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் தடை போட முடியாது. புகார் கேப்டனிடமிருந்து வர வேண்டும். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில், வேறு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும் பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பு உறுப்பினரும் இருக்கும் குழு அதை விசாரித்து, 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். இடைக்காலத் தடையும் 30 நாளைத் தாண்டக் கூடாது. 2020 ஜனவரியில் மும்பை–லக்னோ விமானத்தில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சி நெறியாளரிடம் தொடர்ந்து கேள்வி கேட்டு வீடியோ எடுத்தார். இண்டிகோ விசாரணைக்கு முன்பே அவருக்கு 6 மாதத் தடையை அறிவித்தது. அந்த விமானத்தின் கேப்டனோ, நடத்தை ரசிக்கத்தக்கதாக இல்லையென்றாலும் முதல் நிலைக் குற்றம்கூட ஆகாது, தன்னைக் கேட்காமலேயே முடிவெடுத்துவிட்டார்கள் என்று நிறுவனத்துக்கே எழுதினார். பிறகு குழு தடையை 3 மாதமாகக் குறைத்தது. விதியை அதை நடத்த வேண்டியவர்களே மீறினார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

கேப்டனின் முடிவும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. 2003இல் வான்கூவரிலிருந்து லாஸ் வேகஸ் போன அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், எகிப்தைச் சேர்ந்த பயணிகளோடு பணிப்பெண்ணுக்கு வாக்குவாதம் வந்தது. கேபின் கட்டுப்பாட்டை மீறிவிட்டது என்று அவர் சொன்னதை நம்பி கேப்டன் விமானத்தை வழியில் ரீனோ நகரில் தரையிறக்கினார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, டோக்கியோ உடன்படிக்கை தரும் பாதுகாப்பு கேப்டன் நியாயமாக நடந்தால்தான் கிடைக்கும், அது நியாயமா என்பதை ஜூரி பார்க்கட்டும் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. இன்னொரு பக்கம், அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டாலும் குற்றம்தான். 2022 நவம்பரில் நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் ஒருவர் சக பயணி மேல் சிறுநீர் கழித்ததாக எழுந்த புகாரில், டிஜிசிஏ நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. கடமையில் தவறியதாகச் சொல்லி கேப்டனின் உரிமத்தையும் 3 மாதம் நிறுத்திவைத்தது.

பாதுகாப்பு வேறு, வியாபாரம் வேறு. கூடுதலாக டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்தால் அது வியாபாரம். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு மருத்துவரை இழுத்துப் போட்டார்களே, அது தங்கள் ஊழியர் நான்கு பேருக்கு இடம் பிடிப்பதற்காக. பாதுகாப்புக்காகக் கொடுத்த அதிகாரத்தை வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டால் அப்படித்தான் முடியும். அதற்குப் பிறகு, ஏறி உட்கார்ந்த பயணியை ஓவர்புக்கிங்குக்காக இறக்குவதை அமெரிக்கா சட்டம் போட்டே தடுத்தது.

ஆனால் உள்ளே இருக்கும்போது இது வியாபாரமா பாதுகாப்பா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை. இறங்கச் சொன்னால் இறங்குங்கள். "எந்தக் காரணத்துக்காக, எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். விமான எண், சீட் எண், நேரம், பணியாளரின் பெயர்ப்பட்டையில் உள்ள பெயர், பக்கத்து சீட்காரர் சம்மதித்தால் அவர் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணி வீடியோ எடுப்பதை டிஜிசிஏ தடை செய்யவில்லை, ஆனால் பணியாளர் நிறுத்தச் சொன்ன பிறகும் எடுத்தால் அதுவே உங்கள் மேல் தனிப் புகாராகும். அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தடை போட்டிருந்தால் 60 நாளுக்குள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

கேபின் க்ரூவாக இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். "ரூல் சார், நேராக்குங்க" என்பதற்குப் பதில் "பின்னாடி இருக்கிறவங்க அவசரத்துல வெளியே வரணும் சார், கொஞ்சம் நேராக்கிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கூடுதலாக மூன்று விநாடிதான் ஆகும். அதே விதிதான், ஆனால் காரணம் தெரிந்த பயணிக்குத் தன்னை யாரோ அடக்குகிறார்கள் என்ற எண்ணம் வராது. பயிற்சி வகுப்புகளில் அறிவிப்பு வாசகங்களை மனப்பாடம் செய்யவைப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு வரிக் காரணத்தைப் பயணிக்குப் புரியும் மொழியில் சொல்லப் பழக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து முதல் முறை வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவரிடம் அதைத் தமிழில் சொல்ல ஓர் ஆளாவது அந்த விமானத்தில் இருக்க வேண்டும்.