விவாகரத்து மனுவை யூடியூபில் வாசிக்கலாமா?

கேள்வி: நான் தொழில்முறை கபடி வீரன், ரெய்டர் (எதிரணிப் பகுதிக்குள் பாடிச் செல்பவன்). இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் என் மனைவி தாக்கல் செய்த விவாகரத்து மனு குடும்பநல நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு விளையாட்டு யூடியூப் சேனல் அந்த மனுவின் பக்கங்களைத் திரையில் காட்டி, 'மனைவியை அடித்தவர்' என்றது. 'ஃபார்ம் போய்விட்டது, கடைசி ஐந்து நிமிடத்தில் இவரை அனுப்புவதே வீண்' என்றது. 'பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மாட்டிக்கொள்கிறார்' என்றும் சொன்னது. என்மீது எஃப்.ஐ.ஆர். எதுவும் இல்லை. காவல் நிலையத்தில் என் புகாரை எடுக்கவில்லை. அணி என் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. சேனல் மீதும் மனைவி மீதும் மானநஷ்ட வழக்குப் போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மனைவியை இந்த வழக்கில் இழுக்காதீர்கள். நீதிமன்றத்தில் ஒருவர் பரிகாரம் கேட்டு எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் உங்கள் எதிருரை. இன்னொரு வழக்கு அல்ல. மனுவைச் சேனலுக்குக் கொடுத்தது அவர்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் உங்கள் கடிதத்தில் இல்லை. கோபத்தில் அவரையும் பிரதிவாதியாகச் சேர்த்தால், குடும்பநல நீதிமன்றத்தில் உங்கள் பெயர்தான் கெடும்.

இனி சேனல். அந்த வீடியோ முழுவதையும் எதிர்த்தால் தோற்பீர்கள். ஃபார்ம் போய்விட்டது என்பதும், அனுப்புவது வீண் என்பதும் விமர்சனம். மக்கள் தீர்ப்புக்கு ஒருவர் முன்வைக்கும் ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499ஆம் பிரிவில் இருந்த விலக்கு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. கபடிக் களத்தில் இறங்குபவர் இதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

மனுவைக் காட்டியது வேறு விஷயம். 'நீதிமன்ற ஆவணம் பொது ஆவணம், யாரும் காட்டலாம்' என்று அவர்கள் வாதிடுவார்கள். அதற்கு 1994இல் உச்ச நீதிமன்றம் ஆட்டோ சங்கர் தொடர்பான நக்கீரன் வழக்கில் தந்த தீர்ப்பையே எடுத்து நீட்டுவார்கள். ஒருவரின் திருமணம், குடும்பம், பிள்ளைகள் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது என்று சொன்ன அதே தீர்ப்பு, நீதிமன்றப் பதிவேடுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. உங்கள் விஷயத்தில் அந்தக் கதவை இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு மூடுகிறது. அச்சட்டத்தின்கீழ் நடக்கும் விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். அதைப் பற்றிய எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டுமே விலக்கு. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை! இந்தக் காலத்தில் இது யாரையும் பயமுறுத்தாது. ஆனால் வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்கும்போது, சொன்னது உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் போகாமலே நீங்கள் ஊன்றி நிற்கக்கூடிய இடம் இதுதான். வக்கீல் நோட்டீஸில் இதை முதல் பத்தியாக வையுங்கள். அதன் நகலோடு யூடியூபின் குறைதீர் அலுவலருக்கும் புகார் அனுப்புங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார் என்ற வரிதான் உங்கள் மானநஷ்ட வழக்கின் உயிர். அது விமர்சனம் அல்ல, நடந்ததாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அது உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு சொன்னவருடையது. 2010இல் ஐ.பி.எல். தலைவராக இருந்த லலித் மோடி ட்விட்டரில் எழுதிய சூதாட்டக் குற்றச்சாட்டுக்காக நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் கிறிஸ் கேர்ன்ஸ் லண்டனில் வழக்குப் போட்டு, 2012இல் 90,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். மோடியால் நிரூபிக்க முடியவில்லை. கதை அதோடு முடியவில்லை. அந்த வழக்கில் பொய் சாட்சி சொன்னதாகக் கேர்ன்ஸ் மீதே பின்னர் குற்றவியல் வழக்கு வந்து, 2015இல்தான் அவர் விடுதலையானார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'எஃப்.ஐ.ஆர். இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'நான் அடிக்கவில்லை' என்று எழுதவில்லை. வழக்குப் போட்டால் கூண்டில் ஏறுவது நீங்கள்தான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான். உங்கள் பதில் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடித்தவர் என்ற சொல்லை மானநஷ்ட வழக்கில் சேர்ப்பதா, சூதாட்டக் குற்றச்சாட்டோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

போலீஸ் வழக்குப் பதியாதது தவறல்ல. அவதூறு, காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அதற்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்குக்கோ வெளியான நாளிலிருந்து ஒரே ஆண்டுதான். உங்களுக்கு ஒன்பது மாதம் ஓடிவிட்டது. நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; நிற்காது.

பெரிய தொகை கேட்க ஆசைப்படாதீர்கள். ஐ.பி.எல். சூதாட்டத்தோடு தன் பெயரை இணைத்ததற்காக மகேந்திர சிங் தோனி 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் 100 கோடி ரூபாய் கேட்டுத் தொடுத்த வழக்கில், சாட்சி விசாரணையைத் தொடங்க உத்தரவு வந்தது 2025 ஆகஸ்டில். தோனிக்கே அப்படி. இடைக்காலத் தடையாணையும் எளிதில் கிடைக்காது. ஊடகச் செய்திக்கு விசாரணைக்கு முன்பே தடை விதிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே, திரையில் மனு தெரியும் பகுதிக்கும் சூதாட்ட வரிக்கும் மட்டும் தடை கேளுங்கள்.

நோட்டீஸ் போகும் முன் வீடியோவைப் பதிவிறக்கி வையுங்கள்; கையில் நோட்டீஸ் வந்ததும் அவர்கள் நீக்கிவிடுவார்கள். இணைப்பு முகவரி, வெளியான தேதி, பார்வை எண்ணிக்கை தெரியும்படி திரைப்பதிவும் எடுங்கள். எந்த நிமிடம், எந்த நொடியில் எந்தச் சொல் வருகிறது என்று எழுதி வையுங்கள். மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் ஏறப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

ஒப்பந்தம் பற்றி. தனியார் அணியை உங்கள் ஒப்பந்தத்தின் ஷரத்துகள்தான் கட்டுப்படுத்தும். நன்னடத்தைப் பிரிவில் குற்றச்சாட்டு எழுந்தாலே நிறுத்தலாம் என்று இருக்கிறதா, குற்றம் நிரூபணமானால்தானா என்று பாருங்கள். எந்தப் பிரிவின்கீழ் நிறுத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2018 மார்ச்சில் முகமது ஷமி மீது அவர் மனைவி புகார்கள் சொன்னபோது கிரிக்கெட் வாரியம் அவர் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. ஊழல் தடுப்புப் பிரிவு சூதாட்டக் குற்றச்சாட்டை மட்டும் விசாரித்து, அதில் ஒன்றும் இல்லை என்றதும் அதே மாதம் ஒப்பந்தம் கொடுத்தது. குடும்ப வழக்கு அதன் பாட்டுக்கு நீதிமன்றத்தில் நடந்தது. உங்கள் அணியிடமும் அதே பிரிப்பைக் கேளுங்கள்: சூதாட்டம் பற்றி விசாரியுங்கள், ஒத்துழைக்கிறேன், குடும்ப வழக்கை நீதிமன்றத்துக்கு விடுங்கள் என்று.

பதில் வீடியோ போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். மனுவில் உள்ளதை மறுத்து நீங்கள் பேசினாலும் அதே 22ஆம் பிரிவை மீறியவர் ஆவீர்கள்.