வத்தகப்பழ வண்டியும் அம்பாவும்

அன்புள்ள அண்ணா,
திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடுகளில் ஓகன் வாசிக்கிறேன். இரவில் லப்டொப்பில் சொந்தமாக இசை செய்கிறேன். ஜாஸ், சினிமாப் பாட்டு, எலக்ட்ரோனிக் எல்லாமே பிடிக்கும். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்று இணையத்தில் கிடைத்தது, அதை வெட்டி ஹவுஸ் என்ற நடன இசையின் பீட்டின் மேல் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார் மாஸ்டர். அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்கொக் மட்டும் எல்லாம் செய்யலாமா? எந்த மென்பொருள் நல்லது? கொழும்புக்குப் போகட்டுமா?

அன்புள்ள தம்பி,
மென்பொருளை விடுங்கள், இருப்பதே போதும். மாஸ்டரோடு சண்டையும் வேண்டாம். சில நாட்களாக நானும் ஹான்கொக்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

1962இல் வந்த அவருடைய முதல் அல்பத்தில் வத்தகப்பழக்காரரைப் பற்றிய ஒரு பாட்டு இருக்கிறது, பெயர் "வோட்டர்மெலன் மேன்". சிக்காகோவில் சிறுவனாக இருந்தபோது கல் பாவிய சந்தில் பழ வண்டிச் சக்கரம் உருளுவதைக் கேட்டவர், அந்தத் தாளத்தைப் பியானோவுக்குள் கொண்டுபோனார். அடுத்த வருடமே கியூபாவின் தாளக் கலைஞர் மொங்கோ சந்தமரியா அதை வாசித்து பொப் பட்டியலில் ஏற்றிவிட்டார். 1973இல் ஹான்கொக்கே மின் வாத்தியங்களோடு திரும்பச் செய்தார், தொடக்கத்தில் பியர் போத்தலை ஊதும் சத்தத்தோடு. வாத்தியம் மாறியது, ஆட்கள் மாறினார்கள், பாட்டு எங்கேயும் விழவில்லை. அந்த நடை அவர் காதில் விழுந்து வளர்ந்த நடை.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? உப்புவெளியில் இருந்துகொண்டு அம்பாவை இணையத்தில் தேடியிருக்கிறீர்கள்! கோபம்தான் வந்தது. போதாததற்கு ஒவ்வொரு சொல்லையும் பீட்டுக்கு நேராக நறுக்கி ஒட்டியிருக்கிறீர்கள், பாட்டு அங்கேதான் செத்தது. சின்ன வயதில் நிலாவெளியில் பெரியப்பாவோடு கரைவலைக் கயிறு பிடித்திருக்கிறேன். முன்னால் நிற்பவர் அடியைப் பாட, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள், அந்தக் குரல் ஓய்கிற இடத்தில்தான் எல்லா உடம்பும் பின்னால் சாயும். வலை பாரமென்றால் அந்த இடைவெளி நீளும், மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வரப் பாட்டு ஓடத் தொடங்கும். நான் அவசரப்பட்டால் பெரியப்பா கத்துவார்: "பாட்டோட இழுக்காத, பாட்டு முடிய இழு!" அந்தப் பிந்தல்தான் அம்பாவின் உயிர். அதைப் பிழையென்று நினைத்து லப்டொப் நேராக்கித் தரும், நீங்களும் சரியென்று விட்டுவிட்டீர்கள். தாத்தா காலத்து ஆட்கள் உடம்பால் கண்டுபிடித்த கணக்கை ஒரு பொத்தானை அழுத்தி அழிக்கலாமா?

ஆனால் நடுவில் பீட் நின்று உங்கள் இடது கை மட்டும் வரும் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு சுரத்தைக் கொஞ்சம் பிந்தி வைத்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டேன், தம்பி. அது உங்களுடையது, யாரும் சொல்லித் தந்ததில்லை.

கொழும்பில் படிக்க வசதியிருந்தால் போங்கள். அதற்கு முதல் ஒட்டிய குரலையும் டிரம்மையும் எடுத்துவிட்டு, அந்த இடது கையை வைத்தே முழுப் பாட்டையும் செய்து எனக்கு அனுப்புங்கள். தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் விடிய வலை இழுக்கிற இடத்துக்குப் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு கையும் கயிற்றுக்கு வேண்டும்.