டேட்டா முடிந்தும் வேகம் குறையவில்லை, பில்தான் ஏறியது: தவணைப் படிவத்தில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கட்டாரில் இருக்கும் மச்சானின் பெயரிலுள்ள போஸ்ட்பெய்ட் சிம்மை ரவுட்டரில் போட்டு மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். மாதம் 100 ஜிபி முடிந்தால் வேகம் குறையும், பில் 3,900 ரூபாயைத் தாண்டாது. போன மாதம் வேகம் குறையவே இல்லை. பில் 41,600 ரூபா வந்திருக்கிறது. மகளின் உயர்தர ஒன்லைன் வகுப்புக்காக ஆப்பில் எதையோ அமத்திய ஞாபகம். ஹொட்லைனில் கேட்டபோது காசு ஏறாது என்றார்கள். கிளையில் இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்துத் திருடனைப் போல நடத்தினார்கள். இப்போது மூன்று தவணையில் கட்டச் சொல்லி ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். கையெழுத்து வைக்கவா, வழக்குப் போடவா?

பதில்: கையெழுத்து வைக்காதீர்கள் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம்.

கிளையில் நடந்தது மனதை நோகடிக்கும், விளங்குகிறது. ஆனால் அதற்கு எந்த மன்றிலும் நிவாரணம் கிடைக்காது. முறைப்பாட்டில் அதை எழுதவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: ஆப்பில் எதையோ அமத்தினேன் என்ற வரி.

காரணம் இதுதான். வலையமைப்பில் டேட்டாவை எண்ணிக் கணக்கு வைக்கும் பகுதி வேறு, வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதி வேறு. பிசிஆர்எஃப் என்று அவர்கள் சொல்லும் அந்த இரண்டாவது பகுதி, 100 ஜிபி முடிந்ததும் உங்கள் கணக்கில் எழுதியிருக்கும் விதியைப் பார்க்கும். வேகத்தைக் குறை என்றிருந்தால் குறைக்கும். தொடர்ந்து ஓடவிட்டுக் காசு அறவிடு என்றிருந்தால் ஓடவிடும். மூன்று வருடமாக முதலாவது விதி இருந்த இடத்தில் இரண்டாவது விதி தானாக வந்து உட்காராது. நீங்கள் அமத்தியிருக்கலாம், கிளையில் யாராவது மாற்றியிருக்கலாம். எதுவானாலும் நேரத்தோடு ஒரு பதிவு இருக்கும்.

அந்தப் பதிவைத்தான் கேட்க வேண்டும். விதி எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எதன் வழியாக மாறியது, அப்போது திரையில் காட்டிய வாசகம் என்ன, ஒரு ஜிபிக்கு இவ்வளவு என்று அதில் விலை இருந்ததா? விரலால் அமத்தியது ஒப்பந்தமாகாது என்று சிலர் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்துக்குப் பிறகு அந்த வாதம் நிற்காது. விலையைக் காட்டாமல் சம்மதம் வாங்கினார்கள் என்றால்தான் உங்கள் பக்கம் பலம். ஹொட்லைனில் சொன்னதும் உதவும், ஆனால் ஒலிப்பதிவை என்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். பேசிய திகதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.

காசு ஏறுகிறது என்று எச்சரித்து எஸ்எம்எஸ் அனுப்பினோம் என்று நிறுவனம் கட்டாயம் சொல்லும். எந்த இலக்கத்துக்கு? ரவுட்டருக்குள் இருக்கும் சிம்முக்கு அனுப்பியிருந்தால் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு இன்பொக்ஸ் இருக்கும். திறந்து, ஒவ்வொன்றையும் நேரம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். கோபத்தில் ரவுட்டரை ரீசெட் பண்ணிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அப்புறம் நிறுவனத்தின் பதிவு மட்டும்தான் சாட்சி. போஸ்ட்பெய்டில் பாவனைப் பதிவுகளைப் பிறகு சேர்த்து விலை போடுவதும் உண்டு. அப்படியானால் எச்சரிக்கை பிந்தி வரும். எஸ்எம்எஸ் வந்த நேரத்தில் எவ்வளவு ஏறியிருந்தது என்று பாருங்கள். பேரம் பேச அது உதவும்.

இனி அந்தப் படிவம். சிம் மச்சானுடையது. சட்டப்படி இன்று கடன்காரர் அவர், நீங்கள் அல்ல. கையெழுத்து வைத்த நிமிடம் முழுத்தொகையையும் ஒப்புக்கொண்டு, அவருடைய கடனை உங்கள் தலையிலும் ஏற்றிக்கொள்கிறீர்கள். வாழைச்சேனையிலிருந்து ஒருவர் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். தவணைப் படிவத்தின் பிரதியில், மாதத் தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில், நிலுவையைச் சரியென ஏற்கிறேன் என்று இருந்தது. அவர் வாசித்தது மாதத் தொகையை மட்டும். பிறகு அவர் செய்த முறைப்பாட்டுக்கெல்லாம் நிறுவனம் அந்த ஒரு தாளையே பதிலாக அனுப்பியது. தவறான பில்லாக இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பில்லை என்னால் மறுபடி கேள்வி கேட்க முடியவில்லை. சகோதரியின் சிம், மகனின் சிம் என்று இன்னும் சிலர் இதே குழியில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வழமையான 3,900 ரூபாயைக் கட்டுங்கள். மிச்சத்தை மறுக்கிறோம், உரிமைகளுக்குப் பாதகமின்றி இதைச் செலுத்துகிறோம் என்று கடிதமும் கொடுங்கள். ஒன்றுமே கட்டாவிட்டால் இணைப்பை வெட்டுவார்கள், கதை உங்கள் நிலுவை பற்றியதாக மாறிவிடும். முறைப்பாடு மச்சானின் பெயரில் போக வேண்டும். இப்போதைக்கு அவருடைய அதிகாரக் கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் பெரும்பாலும் போதும். வழக்கென்றால்தான் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் வேண்டும். அது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

வழக்கு வேண்டாம். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அதைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தரணிக்குக் கொடுப்பதும் கடையைப் பூட்டிவிட்டு வரும் நாட்களும் சேர்ந்து நீங்கள் மறுக்கும் 37,700 ரூபாயை விழுங்கிவிடும். சமரசம் பேசுங்கள். அதே அளவு டேட்டாவை மேலதிகப் பெக்கேஜாக வாங்கியிருந்தால் என்ன விலையோ அதைத் தருகிறோம், மிச்சத்தைக் கழியுங்கள் என்று கேளுங்கள். நீங்கள் பாவித்த டேட்டாவுக்கு ஒன்றுமே தரமாட்டேன் என்று நின்றால் நானும் உங்களுக்காக வாதாட மாட்டேன்.

ஒத்துக்கொண்டால், இது முழுமையான இறுதித் தீர்வு என்றும், கணக்கில் பழைய விதியைத் திரும்பப் போட்டுவிட்டோம் என்றும் மச்சானின் பெயருக்கு எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.