பாஸ்போர்ட்டையும் சேர்த்து எழுதுங்கள்

கேள்வி: செம்பூரில் இருக்கிறேன். தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் வேலை. சில வருஷங்களாகப் பயணக் கட்டுரைகள் எழுதுகிறேன். ஹம்பி, லடாக், பாங்காக் என்று போய்வந்ததை எழுதினேன். படிக்கவும் ஆள் இருக்கிறது. சமீபத்தில் பழையதையெல்லாம் எடுத்துப் புரட்டியபோது, யாரோ வெள்ளைக்காரர் எழுதியதை நான் தமிழில் எழுதிவைத்த மாதிரி இருந்தது. இந்த வருஷம் வியன்னா, பிராக் போகலாம் என்று விண்ணப்பித்தேன். கூட விண்ணப்பித்த தோழிக்குக் கிடைத்தது, எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவள் என்பதாலோ என்னவோ. சொந்தக்காரர்கள் 'ஊர் சுற்றியது போதும்' என்கிறார்கள். லோனாவளாப் பக்கம் ஒரு ரிசார்ட் 'இலவசமாகத் தங்குங்கள், எங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்' என்று கூப்பிடுகிறது. ஐரோப்பாவும் இல்லையென்றால், வருஷத்துக்கு ஒரு முறை ரயிலில் திருநெல்வேலி போய்வருகிற நான் எதைப் பயணம் என்று எழுதுவது? நிறுத்திவிடலாமா? (லடாக் கட்டுரையை இணைத்திருக்கிறேன்.)
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அன்புள்ள செம்பூர் வாசகிக்கு,

நிறுத்த வேண்டாம். அடுத்த கட்டுரையாக அந்த விசா கதையையே எழுதுங்கள்.

நீங்கள் பார்த்து எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளெல்லாம் எங்கே தொடங்குகின்றன என்று கவனித்தீர்களா? விமானம் இறங்குகிற இடத்தில். வெளியே வந்ததும் காற்று, வெளிச்சம், காபி வாசம். அதற்கு முந்தைய கட்டத்தில் அவர்களுக்கு எழுத ஒன்றும் நடப்பதில்லை. நமக்கு நடக்கிறது. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் விசா மையத்துக்கு வெளியே ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தை எந்த வெளிநாட்டு எழுத்தாளர் எழுதுவார்? பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவு கடிதம், இன்னும் போகாத ஊரில் போட்ட ஹோட்டல் புக்கிங், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிற பெரியவர். பயணம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நீங்கள்தான் அதை வெட்டிவிட்டு, விமானம் இறங்கியதிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நகல் மாதிரி இருக்கிறதென்றால் காரணம் அதுதான்.

உங்களுக்கு வந்த மறுப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். காரணங்களை வரிசையாக அச்சடித்து, பக்கத்தில் கட்டம் போட்டிருப்பார்கள். விசாக் காலம் முடியும் முன் நீங்கள் திரும்பிப் போவீர்களா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று ஒரு வரி உண்டு. வீட்டுக் கடனும் வயதான அம்மாவின் மாத்திரைச் சீட்டுமாக இந்த ஊரில் வேரோடியிருக்கிற நம்மைப் பார்த்து, திரும்புவாயா என்று ஒரு தாள் கேட்கிறது. இதில் கோபமும் உண்டு, சிரிப்பும் உண்டு. இரண்டையும் எழுதலாம். கல்யாணம் ஆகாததுதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

மறுபடி விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் சில விஷயங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிற ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. பழைய மறுப்பை மறைக்க நினைக்காதீர்கள், அவர்களுடைய பதிவில் ஐந்து வருஷம் வரை இருக்கும். எந்தக் கட்டத்தில் டிக் விழுந்ததோ, அதற்கு மட்டும் பதிலாகக் காகிதம் சேருங்கள். எல்லாக் காகிதத்தையும் அள்ளிப் போட்டால் பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு நல்ல சேதியும் உண்டு. மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி, ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய இந்தியர்களுக்கு இரண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி விசா கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். அந்த முதல் இரண்டைத் தாண்டுவதுதான் நம் பாடு.

சாப்பாடும் காசும் அடுத்தது. இந்த இரண்டைப் பற்றியும் உங்கள் கட்டுரைகளில் மூச்சே இல்லை. மும்பையிலிருந்து கிளம்புகிற குஜராத்தி டூர் குழுக்கள் சமையல் மகராஜைக் கூடவே கூட்டிப்போவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நம் பெட்டியில் இட்லிப்பொடி இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா ஒன்று சுங்கத்தில் மாட்டினால், அந்த ஐந்து நிமிஷம் ஒரு மாளிகை வருணனையைவிட மேல்.

மராத்தியில் விஷ்ணுபட் கோட்சே என்று ஒரு புரோகிதர் இருந்தார். (அந்தக் கோட்சே இல்லை. இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்.) மும்பைக்கு எதிர்க்கரையில், பேண் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கடன். வடக்கே பெரிய யாகம் நடக்கிறது, தட்சிணை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவர், 1857 கலகத்தின் நடுவே போய் மாட்டிக்கொண்டார். ஜான்சி முற்றுகையை உள்ளே இருந்து பார்த்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியது 1907இல்தான் அச்சேறியது. கடனுக்காகக் கிளம்பினேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. 'ஆன்மத் தேடல்' என்று பூசியிருந்தால் இன்றைக்கு யார் படிப்பார்கள்? போனஸ் பணத்தில் போனேன், அறையைத் தோழியோடு பகிர்ந்தேன், மதியம் சாப்பிடாமல் மியூசியம் டிக்கெட் எடுத்தேன் என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். அதே சம்பளத்தில் இருக்கிற வாசகிக்கு அதுதான் உபயோகம்.

ரிசார்ட் விஷயம் சுருக்கமாக. போங்கள், ஆனால் இலவசமாகத் தங்கினேன் என்று கட்டுரையின் தலையிலேயே போடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, சட்டமும் அதுதான். பரிசோ, இலவசத் தங்கலோ, பயணமோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் விளக்கமாகவே வெளியிட்டது. ஏமாற்றும் விளம்பரம் என்று ஆனால் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிப் போட சம்மதிக்காத ரிசார்ட் என்றால், அங்கே மெத்தை சரியில்லை என்று அர்த்தம்.

சொந்தக்காரர்கள் பேசட்டும். உங்கள் காசு, உங்கள் லீவு. ஊர் சுற்றியது போதும் என்கிற சித்தி அடுத்த கட்டுரையை முதல் ஆளாகப் படிப்பார், பாருங்கள்.

திருநெல்வேலி ரயிலுக்கு வருகிறேன். கர்ஜத்தில் வண்டி ஏன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அங்கே பின்னால் பாங்கர் என்ஜின்களை மாட்டுகிறார்கள். போர் காட் மலையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன்னால் இருப்பது இழுக்க, பின்னால் இருப்பவை லோனாவளா வரை தள்ளிவிட்டுக் கழன்றுகொள்ளும். கடைசிப் பெட்டியில் இருந்தால் அவை வந்து மோதுகிற அந்தச் சின்ன அதிர்வு முதுகில் தெரியும். பிளாட்பாரத்தில் வடாபாவ் வாங்க இறங்கியவர்களெல்லாம் அவசரமாக ஏறுவார்கள். 1863இல் திறந்த பாதை. காண்ட்ராக்ட் எடுத்த சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்த கையோடு செத்துப்போக, வேலையை அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று முடித்தார். வெயிலிலும் காலராவிலும் செத்த கூலிகளுக்குப் பெயர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்த மலை ஏற்றத்துக்கே தனியாக ஒரு நாள் ஒதுக்குவார். நீங்கள் அந்நேரம் படுக்கையை விரித்துத் தூங்கிவிடுகிறீர்கள். தாராவியில் நிறையத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர் நெல்லைச் சீமை. அந்தப் பெட்டியில் யார், எதற்கு, எத்தனை மூட்டையோடு போகிறார்கள் என்று உங்களைத் தவிர யார் தமிழில் எழுதுவார்கள்?

இப்போது லடாக் கட்டுரை. கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். 'புன்னகை மாறாத எளிய மக்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். லே பஜார் நடைபாதையில் ஆப்ரிகாட் விற்கிற பாட்டியின் முகச் சுருக்கத்துக்கு நாலு வரி. கிலோ என்ன விலை, எந்தக் கிராமத்திலிருந்து விடிகாலை கிளம்பி வந்தார், உங்களோடு இந்தியில் பேசினாரா என்று ஒரு வரி இல்லை. மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்கிற அக்காவை ஒருவர் இப்படி எழுதி, படமும் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தாராவிக்குள் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டவரைச் சுற்றிக்காட்டுவதைப் பற்றி நாமெல்லாம் எவ்வளவு பேசியிருக்கிறோம். லடாக்குக்கும் சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதியான பஸ்தருக்கும் போகும்போது நம் கையிலும் அதே கேமரா. அந்தமானில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது குற்றம் என்று சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டிருந்ததில் நம் ஊர் டூரிஸ்டுகளும் நிறைய. வெள்ளைக்காரர் பார்வை என்று நீங்கள் குறைபட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அது தோல் நிறத்தோடு ஒட்டியது இல்லை, எந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எந்த ஊரைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த ஊர்க்காரர் நாளைக் காலை டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படிக்கப்போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். லடாக் பாட்டி உங்கள் தமிழைப் படிக்கப்போவதில்லை என்பது உண்மை. படிக்கக்கூடிய ஊர் ஒன்று இருக்கிறது. அடுத்து அங்கே போங்கள்: யாழ்ப்பாணம்.

அங்கே நீங்கள் எதைத் தப்பாக எழுதினாலும் மறுநாளே சொல்லிவிடுவார்கள், அதுவும் உங்களைவிட நல்ல தமிழில். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்து உருகுகிற வேலை வேண்டாம். திரும்பக் கட்டி, மறுபடி திறந்து, இப்போது உள்ளே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போய் அவர்களைப் பாருங்கள். இலங்கைக்கு நம்மை யாரும் திரும்பிப் போவாயா என்று குடைவதில்லை. ஆன்லைனில் முன் அனுமதி வாங்கினால் போதும். முன்பு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஒரே டிக்கெட்டில் போனார்கள். 1964 புயலோடு அது போயிற்று. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. சுமார் நாலு மணி நேரம். குர்லா டெர்மினஸிலிருந்து காரைக்காலுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் பஸ் தூரம்தான். போர் காட்டில் இந்தத் தடவை முழித்திருங்கள்.

ஒன்று மட்டும்: கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம்பிப் போக முடியாது. பிப்ரவரிக்கு மேல் பார்த்து, கப்பல் ஓடுகிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு ஆபீஸில் லீவு சொல்லுங்கள்.