மடக்குக் கத்தியின் அடிக்கட்டையைப் பாருங்கள்

கருவிப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க மடக்குக் கத்திகள் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சில.

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று அலகுக் கத்தி ஒன்று வீட்டில் கிடக்கிறது. பிடியில் ‘ஓல்ட் டைமர்’ என்று சின்ன வில்லை பதித்திருக்கிறது. இது அமெரிக்காவில் செய்ததா, சீனாவில் செய்ததா? – வாசகர், ஹட்டன்

வில்லையை நம்ப வேண்டாம். அது இரண்டு வகையிலும் இருக்கும். பெரிய அலகைத் திறந்து, அது பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ள அடிக்கட்டையை வெளிச்சத்தில் பிடியுங்கள். ‘ஷ்ரேட்’ (ஓல்ட் டைமரைச் செய்த கம்பனி), ‘என்.வை. யூ.எஸ்.ஏ.’, கூடவே 8ஓ.டி. அல்லது 34ஓ.டி. போன்ற எண் இருந்தால் அது நியூயோர்க் மாநிலத்தின் எலன்வில்லில் செய்தது. ‘ஷ்ரேட் வால்டன்’ என்று இருந்தால் இன்னும் பழையது. எலன்வில் தொழிற்சாலை 2004இல் மூடப்பட்டது. பெயரை வாங்கியவர்கள் அதே உருவத்தைச் சீனாவில் செய்வித்தார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் இன்னொரு வழி உண்டு. அலகில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாற்றைப் பத்து நிமிடம் விடுங்கள். கழுவிப் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளி விழுந்திருக்கிறதா? அது கார்பன் உருக்கு. எலன்வில் ஓல்ட் டைமர்களில் பெரும்பாலானவை 1095 என்ற கார்பன் உருக்கில் செய்தவை. அதில் ஏறத்தாழ 0.95 வீதம் கார்பன் இருக்கும். சீனத்தில் வந்தவை ஸ்டெயின்லெஸ்; புள்ளி விழாது. ஒரு விதிவிலக்கு: ஷ்ரேட் என்ற பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் அமெரிக்காவில் செய்தது.

ஊரைவிட நிலைமை முக்கியம். அலகை மடக்கியபின் முனை வெளியே தலைகாட்டினால், அளவுக்கு மீறிச் சாணை பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சட்டைப்பையில் விரலைக் குத்தும். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆடினால் பரவாயில்லை. ‘கடகட’ என்று ஆடினால் உள் ஆணி தளர்ந்துவிட்டது. கத்தியைத் தட்டையான இரும்பின் மேல் வைத்து, ஆணி இருக்கும் இடத்தை உருண்டைத் தலைச் சுத்தியலால் மிக மெதுவாக இரண்டு தட்டு, பிறகு அலகைத் திறந்து பார்ப்பது, மறுபடி இரண்டு தட்டு. ஒரேயடியாகத் தட்டினால் அலகு இறுகிப் போகும். அதைத் திருப்பித் தளர்த்துவது பெரும்பாடு.

எங்கள் பக்கம் மிஸ்ட் வராத நாளே இல்லை. கத்தி துருப்பிடிக்கிறது, காலையில் திறக்கவே முடியவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. – வாசகி, நுவரெலியா

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகையை ஒட்டித்தான். போத்தலில் கட்டியாக இருக்கிற எண்ணெய், கத்தியின் மூட்டுக்குள் மட்டும் எப்படி இளகி ஓடும்? கொழும்பில் சரிவரும் வைத்தியம் இங்கே சரிவராது.

முதலில் பழைய எண்ணெயை எடுக்க வேண்டும். பிடி பிளாஸ்டிக்காக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, கத்தியைத் திறந்த நிலையில் அலசுங்கள். மூட்டிலும் அடித் தகட்டிலும் சேர்ந்த பஞ்சையும் அழுக்கையும் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். அலகை இருபது முறை திறந்து மூடுங்கள். கறுப்புத் தண்ணீர் வரும். சுத்தமான தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அடுப்பருகில் (நெருப்பின் மேல் அல்ல) ஒரு மணி நேரம் காய வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் செய்த வேலை எல்லாம் வீண்.

பிறகு மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதிகம் விட்டால் தூசியை இழுக்கும். பழம், பாண் வெட்டுகிற கத்தி என்றால் பார்மசியில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும்.

துருவைத் தடுக்க இன்னொரு வழி உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. கடுஞ்சாயம். தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து கருஞ்சாம்பல் படலமாகப் படியும். அது சிவப்புத் துருவைத் தாமதப்படுத்தும், முற்றாக நிறுத்தாது. நான்கு தேக்கரண்டித் தேயிலையை ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இரண்டு தேக்கரண்டி வினாகிரி சேர்த்து, எண்ணெய் போகக் கழுவிய அலகை மட்டும், மூட்டு நனையாமல், அரை மணி நேரம் நிற்கவையுங்கள். வெளியே எடுத்து, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, காயவைத்து எண்ணெய் பூசுங்கள். அலகு திட்டுத்திட்டாகக் கறுத்தால் எண்ணெய் முழுதாகப் போகவில்லை என்று பொருள். ஸ்டெயின்லெஸ்ஸில் இதைச் செய்து தேயிலையை வீணாக்க வேண்டாம்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிப்பது அதனால்தான்.

ஐம்பது டொலருக்குள் ஒன்று வாங்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன், தம்பி அமெரிக்காவிலிருந்து வருகிறார். எதைச் சொல்வது? – வாசகர், பண்டாரவளை

அந்த விலையை ஒட்டி நாம் சொல்வது கேஸ் கம்பனியின் சொட்பஸ்டர் ஜூனியர். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்கிறார்கள். ஒரே அலகு, மூடிய நீளம் 3⅝ அங்குலம், பிடியின் முனைகளில் வெள்ளை உலோகக் கட்டி இல்லை. விலை குறைவதும் அதனால்தான். மஞ்சள் பிடி கேளுங்கள். புல்லில், கரட் பாத்தியில் விழுந்தால் கண்ணில் படும். உருக்கில் இரண்டு வகை உண்டு: சி.வி. என்பது கார்பன் வகை, சீக்கிரம் கூராகும், துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். மற்றது ஸ்டெயின்லெஸ். தினமும் துடைக்கிற பொறுமை இல்லாதவருக்கு இரண்டாவதே நல்லது.

பக் கம்பனியின் 110 என்ற கத்தியையும் பலர் சொல்வார்கள். 1964இல் வந்தது, இப்போது ஐடஹோவின் போஸ்ட் ஃபோல்ஸில் செய்கிறார்கள். நல்ல கத்திதான். ஆனால் 200 கிராம் எடை, சட்டைப்பையில் கல் போட்டது போல இருக்கும்.

தம்பியிடம் சொல்லுங்கள், கைப்பையில் வைக்கக் கூடாது, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கத்தி கிடைக்கும்போது இதில் அப்படி என்ன இருக்கிறது? – வாசகி, மஸ்கெலியா

உரச் சாக்கு வெட்ட அந்த இருநூறு ரூபாய்க் கத்தி போதும், சண்டைக்கு வரமாட்டோம். ஆனால் கவ்வாத்துக் கத்தியைத் தாத்தா காலத்திலிருந்து தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கேள்வியின் பதில் தெரியும். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பையன் கைக்கு வந்த முதல் கத்தி இப்படி ஒன்றுதான். வடிவம் நூறு ஆண்டாகப் பெரிதாக மாறவில்லை. மூன்று அலகுக் கத்தியில் மழுங்கிய முனையுள்ள அலகு, காளைக் கன்றுகளுக்குக் காயடிப்பதற்கென்று அமைந்தது. இன்று அதை வாங்குகிற பலர் மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கமாட்டார்கள். அலகு மூடும்போது எழும் ‘டக்’ சத்தத்துக்காகவே காசு கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் கையை விட்டு, தானாக அறைந்து மூட விடாதீர்கள். சிலவற்றில் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் மோதிப் பல் விழும்.

கல்லில் தேய்த்தும் கூர் வரவில்லை. – வாசகர், அப்புத்தளை

கோணம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். அலகின் அகலம் 12 மில்லிமீற்றர் என்றால், முதுகு கல்லிலிருந்து 3 முதல் 4 மில்லிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். 15 முதல் 20 பாகை வரும். கல்லின் முரட்டுப் பக்கத்தில் அலகின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து, அலகின் மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை போங்கள். பிசிறு வரும் முன்பே திருப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. பிறகு அலகின் மறுபக்கம், பிறகு கல்லின் மென்மையான பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு. மின் சாணைக்குக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சூடேறி நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் கூர் நிற்காது.

பழைய சாமான் கடையில் ஒரு கேஸ் கத்தி. அடிக்கட்டையில் 6318 என்ற எண், ‘கேஸ் எக்ஸ்எக்ஸ் யூ.எஸ்.ஏ.’, கீழே நான்கு புள்ளிகள். என்ன வயது? – வாசகர், பதுளை

6 என்பது எலும்புப் பிடி, 3 என்பது மூன்று அலகு, 18 மாதிரியின் எண். கேஸ் கம்பனி 1970இல் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கொன்றாகக் குறைத்து வந்தது. நான்கு என்றால் 1976. ஆனால் ‘கேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘எஸ்’ எழுத்து மின்னல் போல ஒடிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். 1980இல் அந்த எழுத்தோடு மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். அப்படியானால் 1986. எலும்புப் பிடி என்பதால், நுவரெலியா வாசகிக்குச் சொன்ன சவர்க்காரத் தண்ணீர் வைத்தியம் இதற்கு வேண்டாம். எலும்பு ஊறி, காயும்போது ஆணியைச் சுற்றி வெடிக்கும். மூட்டை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள்.